கார்த்திகையில் மூன்று நாள்

கிணற்றடியில் வாந்தியெடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் சீதாலக்ஷ்மி நினைத்தாள். மார்கழி மாதம். இன்னும் விடியவில்லை. ஸ்ரீவராகம் கோயிலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். அவசர அவசரமாகத் தண்ணீர் சேந்தி அந்த இடத்தைக் கழுவிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுப் பகவதியம்மாள் கையில் அகலோடு நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சீதா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை மாமி. பித்தம்."

"பித்தமாக்கும்," என்றாள் பகவதியம்மாள். அகலைத் துளசி மாடத்தில் வைத்துவிட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டு, உள்ளே போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

கல்யாணமாகி நாலைந்து வருஷமாக வயிறு திறக்காமல் இருந்த பெண் வாந்தியெடுத்தால், வேறு வீடாக இருந்தால் வாயில் சர்க்கரையைப் போட்டிருப்பார்கள். சீதாவுக்கு வந்தது பயம். ஈரப் புடவையோடு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காரணம் இதுதான். அவள் புருஷன் ஸ்ரீகண்டன் தேவிகுளம் தாலூகா கச்சேரியில் குமாஸ்தா. மலையாளக் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் மலைப் பாதையை அடித்துக்கொண்டு போனதிலிருந்து, அவன் திருவனந்தபுரம் வருவதே பெரும்பாடாகிவிட்டது. ஐப்பசியில் நடக்கிற அல்பசி உற்சவத்துக்கு எப்படியோ லீவு வாங்கிக்கொண்டு, பாதி வழி நடந்தும் பாதி வழி வண்டியிலுமாக வந்தான். சுவாமி கடலில் நீராடுகிற ஆறாட்டுக்குச் சங்குமுகம் வரைக்கும் போய்விட்டு வந்து மறுநாளே மலையேறினான். அப்புறம் வரவில்லை. அவன் போன பிறகு, கார்த்திகை மாதத்தில், சீதாலக்ஷ்மி மூன்று நாள் வீட்டுக்கு விலக்காகக் கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் வாலாம்பாள் வீட்டு நாட்டுப்பெண் கொல்லையில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். எல்லா வீட்டுக் கொல்லைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றன. புருஷன் போன பிறகு விலக்காக இருந்தவள் இப்போது வாந்தியெடுக்கிறாள் என்றால், தெரு என்ன கணக்குப் போடும்? அந்தக் கணக்கைப் போட அக்ரஹாரத்தில் யாருக்கும் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை.

ஆனால் அந்த மூன்று நாள் பொய். அவள் விலக்காகவே இல்லை. அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பெண் இப்படிக்கூடவா பொய் சொல்லுவாள் என்று கேட்பவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் வேலை செய்துவிட்டுக் கேட்கட்டும். மாமனார் ராமசுப்ரமணியனுக்கு, சர்க்காரின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் உத்தியோகம். பள்ளிக்கூடம் போகும் மைத்துனன்மார் இருவர். போதாததற்கு, கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் காலேஜில் படிக்க வந்த உறவுக்காரப் பிள்ளைகள் ஒரு பந்திக்கு. சொந்தக்காரர் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடியாது என்று சொல்ல மாமனாருக்கு நா எழாது. தாராள மனசு. போடுகிற கைதான் அவருடையது அல்ல. பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வந்து போவாள். மடிச் சமையலில் அவள் விரல் படக்கூடாது. கிணற்றில் குளித்து ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டுவதில் தொடங்கி, எல்லாரும் சாப்பிட்ட இடத்தை மெழுகி, மறுநாளைக்கு அரைத்து வைக்கிற வரைக்கும் சீதாதான்.

வாலாம்பாள் கொடுமைக்காரி என்று சொன்னால் அது அபாண்டம். நாட்டுப்பெண்ணை அடித்ததில்லை, வைததில்லை, சோற்றில் குறை வைத்ததில்லை. ஒரு வேலை முடிவதற்கு முன்னால் அடுத்த வேலையைச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். அவளும் கூடவே செய்வாள். முழங்கால் வலியோடு செய்வாள். வாலாம்பாள் ஆத்தைப் போல உண்டா, அவள் நாட்டுப்பெண் மாதிரி சமர்த்து உண்டா என்று தெருவில் பேர். அந்தப் பேரில்தான் வாலாம்பாளுக்கு உயிர்.

புரட்டாசியிலேயே சீதாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. குழம்பில் உப்பைப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் போட்டாள். யாராவது "சீதா" என்று கூப்பிட்டால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. படுத்தால் தூக்கம் வரவில்லை. வந்த நேரம் எழுந்திருக்கிற நேரமாக இருந்தது. ஒருநாள் உக்கிராண அறைக்குள் போனவள், எதை எடுக்க வந்தோம் என்று ஞாபகம் வராமல் புளிப் பானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறோம் என்றும் தெரியவில்லை. "சீதா, என்னடி பண்றே?" என்று குரல் வந்ததும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினாள். அகப்பட்டது மிளகாய். வேண்டியிருந்தது வெல்லம்.

இந்தப் பாடுகளுக்கு நடுவே அவள் உயிர் தரித்திருந்தது மாதம் மூன்று நாளை நம்பித்தான். கொல்லைக் கோடியில் பசுத்தொழுவத்தை ஒட்டி ஓர் ஓலைச் சாய்ப்பு. ஒரு பாய், ஒரு மண் குடம், ஒரு தட்டு. அந்த மூன்று நாளும் அவளை யாரும் தொடக்கூடாது. அவள் எதையும் தொடக்கூடாது. அடுப்பு, அம்மி, கிணறு எதுவும் அவளுடையது அல்ல. சாஸ்திரம் தீட்டு என்று தள்ளி வைத்தது. அவள் உடம்பு அதை விடுமுறை என்று எடுத்துக்கொண்டது.

கார்த்திகையில் அந்த நாள் வரவில்லை. உடம்பு ஓய்ந்து கிடக்கும்போது முன்பும் தள்ளிப்போனது உண்டு. இதுவும் அப்படித்தான் என்று காத்திருந்தாள். இன்று வரும், நாளை வரும் என்று ஒவ்வொரு நாளாக ஓட்டினாள். வந்தது என்னவோ மாமனாரின் தகப்பனாருடைய திவசம். வடை, அதிரசம், எள்ளுருண்டை, தித்திப்பு, புளிப்பு என்று பத்துப் பேருக்கான வேலை. அதற்கு முந்தின நாள் காலையில், கொதிக்கிற பாலோடு உருளியை இறக்கும்போது அவள் கை நடுங்கிப் பால் தளும்பியது. பக்கத்தில் சின்ன மைத்துனன் மணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. உருளியைக் கீழே வைத்தாள். நேரே கொல்லைக்கு நடந்தாள். சாய்ப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மாமியாருக்குக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, நான் வெளியில வந்துட்டேன்."

வாலாம்பாள் கொல்லை வாசற்படிக்கு வந்தாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நாளைக்குத் திவசமாச்சேடி."

"என்ன பண்றது அம்மா?"

வாலாம்பாள் உள்ளே போனாள். அந்தத் திவசத்தை அந்த முழங்காலோடு ஒற்றையாளாகச் செய்து முடித்தாள். சீதா தூங்கினாள். துலாவர்ஷ மழை முடிகிற காலம். சாயங்காலமானால் இடியும் மழையுமாகக் கொட்டியது. ஓலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தூங்கினாள், விழித்தாள், மறுபடி தூங்கினாள். வெட்கமாக இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வெட்கத்தைக்கூடத் தூக்கம் தள்ளிவிட்டது. நாலாம் நாள் குளித்து உள்ளே வந்தபோது கை நடுங்கவில்லை.

மார்கழியிலும் வராதபோதுதான் அவளுக்கு உறைத்தது.

*

பகவதியம்மாள் நல்லவள். சேதியை வைத்துக்கொள்ளத்தான் அவளுக்குத் தெரியாது. பொங்கல் கழிந்த மறுநாள் மதிலோரம் வந்து வாலாம்பாளைக் கூப்பிட்டாள். சீதா உள்ளே உரலடியில் இருந்தாள். குழவியை மெல்ல நிறுத்தினாள்.

"வாலாம்பா, உன் நாட்டுப்பொண்ணுக்கு விசேஷமோ?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நான்தான் தினம் பார்க்கறேனே. சந்தோஷமான சமாசாரம்தான். ஆனா கார்த்திகையில அவ கொல்லையில உக்காந்திருந்தாளே, உங்காத்துத் திவசத்தன்னிக்கு. ஸ்ரீகண்டன் அதுக்கு முன்னாடியே போயாச்சு. பின்னே எப்படின்னாக்கும் கேக்கறேன். நானா கேக்கல்லை. குளத்தங்கரையில கேக்கறா."

வாலாம்பாள் திரும்பினாள். அவள் உள்ளே வருகிற காலடி சீதாவுக்குக் கேட்டது. குழவியை மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

"கையைக் கழுவிண்டு உக்கிராணத்துக்கு வா."

உள்ளே போனதும் வாலாம்பாள் கதவைச் சாத்தினாள். அந்த அறையில் ஜன்னல் இல்லை. அரிசியும் புளியும் நல்லெண்ணெயும் கலந்த வாசனையில் சீதாவுக்குக் குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உண்மையா?"

"ஆமாம்மா."

"எத்தனை மாசம்?"

"அவர் உற்சவத்துக்கு வந்திருந்தாரே. அப்போலேருந்து."

"அப்போலேருந்துன்னா கார்த்திகையில எப்படிடீ உக்காந்தே?"

சீதா எத்தனையோ தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். அடுப்படியில், கிணற்றடியில், கோலம் போடும்போது, எல்லா இடத்திலும் சொல்லிப் பார்த்தாயிற்று. இப்போது ஒரு எழுத்துக்கூட வரவில்லை.

"உன் அப்பாவுக்கு எழுதச் சொல்லப்போறேன்," என்றாள் வாலாம்பாள். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "வந்து அழைச்சிண்டு போகட்டும். ஸ்ரீகண்டனுக்கு என்ன சொல்றதுன்னு அப்புறம் யோசிக்கிறேன்."

அப்படி அழைத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததில்லை. நாலு வீடு தள்ளி ஒருத்தி அப்படித்தான் போனாள். அவள் பேரைக்கூட இப்போது யாரும் சொல்வதில்லை. சீதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கார்த்திகையில நான் விலக்கா இல்லைம்மா. பொய் சொன்னேன்."

"என்னது?"

"தூங்கணும்னு பொய் சொன்னேன். அசதி தாங்கல்லை. கை நடுங்கித்து. கொதிக்கற பாலைக் குழந்தை மேல கொட்டியிருப்பேன். ஓரிடத்துல போய்ப் படுக்கணும்னு இருந்தது. படுக்கறதுக்கு வேற இடம் தெரியல்லை."

வாலாம்பாள் அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று சீதா காத்திருந்தாள். வந்தது.

"திவசத்தன்னிக்கா? பித்ருக்கள் வர நாள்லயா பொய் சொன்னே?"

"ஆமாம்."

"இலையில பரிமாறச்சே எனக்கு எழுந்திருக்க முடியல்லைடீ. சுவரைப் பிடிச்சிண்டு எழுந்தேன். நீ அங்கே தூங்கிண்டிருந்தே."

"ஆமாம்மா."

"உன்னை யார் தூங்க வேண்டாம்னா இந்தாத்துல?"

சீதா தலை நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்குப் பயப்படாமல் பதில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"யாரும் வேண்டாம்னு சொல்லல்லை. தூங்குன்னும் யாரும் சொல்லல்லை."

வெளியே மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டது. கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாலாம்பாள் கதவில் கை வைத்தாள், திறக்கவில்லை.

"நான் நம்பறேன்னே வச்சுக்கோ. தெருவுக்கு என்ன சொல்லணுங்கறே? என் நாட்டுப்பொண் தூங்கறதுக்கு இடமில்லாம தீட்டுன்னு பொய் சொன்னான்னா? அப்படி ஒரு ஆத்தை நடத்தினவ நானாக்கும்னு நானே போய்ச் சொல்லணுமா? பொய் சொன்னது நீ. சந்தி சிரிக்கிறது என்னையா?"

சீதாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. தன்னைக் காப்பாற்ற இருக்கிற ஒரே உண்மை, மாமியாரின் முகத்தில் கரி பூசுகிற உண்மை. ஆயுசு முழுக்கச் சேர்த்த பேரை யார் நாட்டுப்பெண்ணுக்காகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? பேசாமல் ஊருக்கு அனுப்பிவிட்டால் வாலாம்பாள் பாவம் ஏமாந்துபோனாள் என்று தெரு பரிதாபப்படும். அதுதான் சுலபம்.

வாலாம்பாள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குப் பூராவும் மாமியார் பேசவில்லை. அடுத்த வேலையைக்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலே சீதா எல்லாவற்றையும் செய்தாள். மாமனார் கடிதம் எழுதுகிற பெட்டியைத் திறக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே பரிமாறினாள். அவர் வெற்றிலைப் பெட்டியைத்தான் திறந்தார். வாலாம்பாள் அவரிடம் சொல்லிவிட்டாளா, இனிமேல்தான் சொல்லப்போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. பெரிய மைத்துனன் மோர் கேட்டான். இவள் ரசம் ஊற்றினாள். அதற்கும் வாலாம்பாள் வாய் திறக்கவில்லை. வைதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வயிற்றில் இருக்கிறதை நினைத்துச் சீதா முதல் தடவையாக அழுதாள், புகையில் அழுகிற மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு. இத்தனை நாள் அதை நினைத்துப் பயந்தாளே தவிர, ஆசைப்பட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு பகவதியம்மாள் மறுபடி மதிலோரம் வந்தாள். இந்தத் தடவை துணைக்கு எதிர்வீட்டுக் கோமுவும் வந்திருந்தாள், கையில் கீரைக் கட்டோடு. கீரைக்கும் அந்த மதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. சீதா அடுக்களை ஜன்னலோரம் மறைந்து நின்றாள்.

வாலாம்பாள் துவைத்த புடவையை மூங்கில் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் மடிப்பை நீவி விட்டாள்.

"வாலாம்பா, நாங்க வேத்து மனுஷாளா?" என்று தொடங்கினாள் பகவதியம்மாள். "குளத்தங்கரையில வாய்க்கு வந்தபடி பேசறா. நீ ஒரு வார்த்தை சொன்னா நாங்க அவா வாயை அடைப்போம்."

"சொல்றேன்," என்றாள் வாலாம்பாள். "கேட்டுக்கோங்கோ. கோமு, நீயும் கேட்டுக்கோ. உற்சவத்துக்கு ஸ்ரீகண்டன் வந்தானே, அப்போ உண்டானது. எங்காத்துக் குழந்தை."

"அப்போ கார்த்திகையில—"

"கார்த்திகையில அவ விலக்கா இல்லை. விலக்குன்னு பொய் சொல்லிட்டுப் போய்த் தூங்கினா."

கோமுதான் முதலில் வாய் திறந்தாள்.

"திவசத்தன்னிக்கா? தூங்கறதுக்கா? அடி ராமா. அவ்வளவு நெஞ்சழுத்தமா அவளுக்கு?"

சீதா கண்ணை மூடிக்கொண்டாள். இனி மாமியார் தலையில் அடித்துக்கொண்டு தன் சாமர்த்தியத்தைச் சொல்லுவாள், ஒற்றையாளாகத் திவசம் செய்ததைச் சொல்லுவாள், அடங்காத நாட்டுப்பெண் வாய்த்ததைச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாள். சொன்னாலும் தப்பில்லை. மானம் பிழைத்ததே போதும் என்றிருந்தது.

"நெஞ்சழுத்தம் இல்லை," என்றாள் வாலாம்பாள். மதில் பக்கம் திரும்பினாள். "நான் தூங்க விடல்லை. அவளுக்குக் கை நடுங்கினது எனக்குத் தெரியும். புரட்டாசியிலேயே பார்த்தேன். பார்த்துட்டு அடுத்த வேலையைச் சொன்னேன். ஆள் வைக்கணும்னு இவர்கிட்டே ஒரு வார்த்தை நான் சொல்லல்லை. வாலாம்பாளுக்கு ஆள் வேணுமான்னு நீங்கள்ளாம் சிரிப்பேளோன்னு இருந்தேன். இப்போ சிரிச்சுக்கோங்கோ. குளத்தங்கரையிலயும் போய்ச் சொல்லுங்கோ. நான் சொன்ன மாதிரியே சொல்லணும், கேட்டேளா? ஒரு வார்த்தை மாத்தப்படாது."

யாரும் சிரிக்கவில்லை. பகவதியம்மாள் என்னவோ முணுமுணுத்தாள். கோமு கீரைக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். இருவரும் போன பிறகும் வாலாம்பாள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகு மட்டும்தான் சீதாவுக்குத் தெரிந்தது. அப்புறம் உள்ளே வந்தாள். ஜன்னலடியில் நின்றவளைப் பார்த்து, ஒட்டுக் கேட்டாயா என்று கேட்கவில்லை.

"அந்தத் திவசத்தை நான் மறக்கப்போறதில்லை. அது வேற," என்றாள். "போய்ப் படு."

"உளுந்து ஊறப் போட்டிருக்கேன்மா."

"நான் இருக்கேன். படுன்னா படு. கொல்லையில இல்லை. கூடத்துல."

நடுக் கூடத்தில், பட்டப்பகலில், பாயை விரித்துச் சீதா படுத்தாள். எல்லாரும் நடக்கிற இடத்தில் கால் நீட்டக் கூச்சமாக இருந்தது. கண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைக்கவும் கை எழவில்லை. அடுக்களையில் குழவி சுற்றுகிற சத்தம் கேட்டது. மாமியார் நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குவதும் கேட்டது. எழுந்து போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் ராமசுப்ரமணியன் கச்சேரியிலிருந்து வந்தார். கூடத்து வாசற்படியிலேயே தயங்கி நின்றார். தலைப்பாகையைக் கழற்றவில்லை. நாட்டுப்பெண்ணைத் தாண்டிப் போகலாமா கூடாதா என்று அவருக்குப் புரியவில்லை.

"என்ன இது, இவ இங்கே படுத்திண்டிருக்கா? விலக்கா?"

"இல்லை," என்று அடுக்களையிலிருந்து வாலாம்பாள் சொன்னாள். "அசதி. சத்தம் போடாம அந்தப் பக்கமாச் சுத்திண்டு வாங்கோ."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.